முதற் கைத்துப்பாக்கி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கைத்துப்பாக்கி வாங்குதல் இல்லறத்தார் பலர்க்கு இயல்பானதொரு செயலாகும். 1791-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியற் சட்டத்திற் சேர்ந்த இரண்டாந் திருத்தம், இல்லத்தைக் காத்தற்பொருட்டுக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைத் தனிமனிதர்க்கு அளிக்கின்றதென 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை உண்டென்பது தெளிவு. தேர்வது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதன்முறை வாங்குவோருட் சிலர், சிறியதே கையாளுதற்கு எளிதென்று கருதுவர். அஃது உண்மையன்று. எடை குறைந்த துப்பாக்கி கையை வன்மையாய்ப் பின்னுதைக்கும். குறியும் எளிதில் தவறும். ரிவால்வர் அமைப்பில் எளியது. எனினும் பெரும்பாலும் ஐந்தாறு குண்டுகளே கொள்ளும். அதன் விசையை இழுத்தற்கு விரல்வலியும் மிகுதியாய் வேண்டும். ஆதலின் நடுத்தர அளவுள்ள 9 மில்லிமீட்டர் பிஸ்டலே பயிற்சிக்களத்திற்கும் வீட்டிற்கும் ஒருங்கே ஏற்றதென்பர் பலர். அக்கூற்று ஒப்புக்கொள்ளத்தக்கதே.

நிற்க. எத்துப்பாக்கி என்னும் வினாவிற்கு முன்னர், எவ்வில்லம் என்னும் வினா எழவேண்டும். கலிபோர்னியாவில் 2004 முதல் 2016 வரை நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, கைத்துப்பாக்கியுடைய ஆடவர் துப்பாக்கியால் தம்முயிரை மாய்த்துக்கொள்ளும் வீதம், அஃதில்லா ஆடவரினும் ஏறக்குறைய எண்மடங்கெனக் காட்டிற்று. கள்வன் வருதலும் வாராமையும் ஐயமே. மனச்சோர்வும் குழந்தையின் ஆவலுமோ வீட்டினுள்ளேயே உறைவன.

ஆதலின் பூட்டுடைய இரும்புப் பெட்டியையும் தக்க பயிற்சியையும் முன்னர்த் தேடுக. துப்பாக்கியைப் பின்னர்த் தேடுக. உளம் நொந்தார் ஒருவர் உறையும் இல்லத்தில் அதனைத் தேடாதொழிதலே நன்று. கெத்செமனேயில் வாளோங்கிய பேதுருவை, அதனை உறையிலிடுமாறு பணித்த ஆண்டவரைப் பின்பற்றுவோர்க்கு இது கூறல் மிகையன்று.