படுக்கையோரத்தில் ஒரு பழைய இதழ்

மருத்துவமனையில் பகற்பொழுது நீளமானது. மருத்துவர் வரும்வரை, பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை, பாட்டிலில் மருந்து இறங்கி முடியும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது. அந்நேரத்தை இன்று பெரும்பாலும் கைபேசியே எடுத்துக்கொள்கிறது. அதில் நிமிடந்தோறும் வந்து விழும் செய்திகள் நோயுற்றவருக்கும் உடனிருப்பவருக்கும் ஆறுதலைவிடப் பதற்றத்தையே மிகுதியாகத் தருகின்றன. அவற்றுக்கு மாற்றாகப் பழைய இதழ்களை, சிறப்பாகச் செடி வளர்ப்போருக்கென வெளிவந்த இதழ்களை, படிக்கலாம் என்பது எங்கள் கருத்து.

ஆர்க்கிட் வளர்ப்பு இதழ்களை எடுத்துக்கொள்வோம். ஆர்க்கிட் நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலா அக்குடும்பத்துக் கொடியே. ஏற்காட்டில் அச்செடிகளுக்கெனத் தனித் தோட்டமே உண்டு. இங்கிலாந்தில் தாவரவியலாளர் ரோல்ஃப் 1893-இல் தொடங்கிய 'ஆர்க்கிட் ரிவியூ' இத்துறையின் மூத்த இதழ்களுள் ஒன்று. ஆங்கிலம் அறிந்தோர் அதன் பழைய தொகுதிகள் சிலவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

இவ்விதழ்களில் அவசரத்துக்கு இடமில்லை. விதையிலிருந்து வளரும் ஆர்க்கிட் முதற்பூவைக் காட்டப் பல ஆண்டுகள் ஆகும். எனவே அவற்றில் எழுதுவோரும் படிப்போரும் காத்திருக்கப் பழகியவர்கள். புதிய இலை ஒன்று விட்டதே அவர்களுக்கு ஒரு செய்தி. நேற்றைவிட இன்று இரண்டு அடி கூடுதலாக நடந்தவருக்கு அம்மகிழ்ச்சி எளிதில் விளங்கும்.

அதனினும் பெரிய இன்பம் ஒன்றுண்டு. ஆர்க்கிட் விதை தூசியைப் போல் நுண்ணியது. முளைப்பதற்கு வேண்டிய உணவு அதனுள் இல்லை. தாய்ச்செடியின் வேரடியில் தூவினால் சில விதைகள் முளைத்தன. பிற இடங்களில் பெரும்பாலும் முளைக்கவில்லை. காரணம் எவருக்கும் தெரியவில்லை. வேரில் வாழும் ஒருவகைப் பூஞ்சையின் துணையால்தான் விதை முளைக்கிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் 1899-இல் கண்டறிந்தார். சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையின்றியே முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கரான நட்சன் 1922-இல் காட்டினார். 1893-ஆம் ஆண்டுத் தொகுதியைப் புரட்டும் நமக்கு, அதில் எழுதியோர் அறியாத விடை தெரியும். விடையில்லை என்று அன்று தோன்றிய வினாவுக்குப் பின்னர் விடை கிடைத்தது.

அந்தப் பெர்னார் 1911-இல், தம் 36-ஆம் வயதில், காசநோயால் இறந்தார். அன்று அந்நோய்க்கு மருந்தில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943-இல். இன்றோ பெரும்பாலான காசநோயாளிகள் ஆறு மாத மருந்தில் குணமடைகின்றனர். எல்லா நோய்க்கும் நாளையே மருந்து வந்துவிடும் என்று நாங்கள் கூறவில்லை. ஆயினும் இன்றைய அறிவே முடிந்த முடிபு அன்று என்பதைப் பழைய இதழ்கள் அறிவுரை கூறாமலேயே உணர்த்துகின்றன.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் தேவை. பழைய இதழ்களில் வரும் மருத்துவக் குறிப்புகளைப் படிக்கலாம், பின்பற்றலாகாது. அவற்றுள் பல இன்று கைவிடப்பட்டவை. தூசி படிந்த தாள்களை மூச்சுத்திணறல் உள்ளவர்களிடமும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடமும் கொண்டுவர வேண்டா.

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இதழ்ச் சுவை புதிதன்று. 'சக்தி' இதழை 1939-இல் தொடங்கிய வை. கோவிந்தன் இராயவரத்துக்காரர். 'பொன்னி' 1947-இல் புதுக்கோட்டையிலிருந்தே வெளிவந்தது. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா நூலகம் பழைய நூல்களையும் இதழ்களையும் இந்நகரிலேயே பேணி வருகிறது.

பல வீடுகளின் பரணில் இன்னும் பழைய இதழ்க் கட்டுகள் இருக்கக்கூடும். அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தோட்டக் குறிப்போ சமையற் குறிப்போ, நல்ல நிலையிலுள்ள ஓர் இதழைத் தூசி தட்டிக் கொண்டுவாருங்கள். கண் தளர்ந்த பெரியவருக்கு நாள்தோறும் பத்து நிமிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் இடைமறித்துத் தம் வீட்டுக் கொல்லையில் நின்ற செடியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், இதழை மூடிவைத்துவிட்டு அதைக் கேளுங்கள்.