கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்?



விடியற்காலை ஐந்து மணிக்குப் புதிய துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கண்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக, தலைக்கவசமும் பின்னால் மின்னும் சிவப்பு விளக்குமாக மிதிவண்டிகள் வரிசையாகப் போகின்றன. ரோச் பூங்காப் பக்கம் ஓடுகிறவர்களைக் காணலாம். அதே நேரத்தில் உப்பளத்துக்கு வேலைக்குச் செல்லும் பெண்களும் அந்த இருட்டில் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பதக்கம் தருவார் இல்லை.

நம் சபையிலும் மாரத்தான் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோவாவில் நடைபெறும் அயர்ன்மேன் போட்டிக்குப் பயிற்சி செய்கிற சகோதரர் ஒருவரும் உண்டு. கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, மிதிவண்டியில் 90 கிலோமீட்டர் சென்று, இறங்கியவுடன் 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். சபைப் பெரியவர்கள் சிலர் இவர்களைச் சுயநலக்காரர் என்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வராமல் ஓடப் போகிறார்களே என்பது அவர்கள் குறை. ஓடுகிறவர்களோ, சரீரம் தேவனுடைய ஆலயம், அதைப் பேணுகிறோம் என்று பதில் சொல்கிறார்கள். இரு தரப்பாரும் தவறான இடத்தில் நின்று வழக்காடுகிறார்கள் என்பது என் துணிபு.

முதலில் ஆலய வாதத்தை எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியத்துக்காக வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மாலையில் அரைமணி நேரம் வேகமாக நடந்தாலே இதில் பெரும்பங்கு நிறைவேறிவிடும். அயர்ன்மேனுக்கு ஆயத்தமாகிறவரோ வாரத்தில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் செலவிடுகிறார். பிரெவே எனப்படும் நெடும்பயணத்தில் 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். நாற்பது மணி நேரம் மிதிவண்டியில் இருப்பது இருதயத்தின் நலனுக்காக என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கமாட்டார். ஆகவே, "எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறேன்" என்று நேர்மையாகச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆலயத்தின் பெயரைச் சொல்லி மறைப்பதில்தான் வெட்கம் இருக்கிறது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு டெஸ்ட் போட்டியின் ஐந்து நாளையும் தொலைக்காட்சி முன் கழிக்கிற நாம், ஐந்து மணி நேரம் ஓடுகிறவனைப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறான் என்று சொல்லலாமா? நேரத்தின் அளவைக் கொண்டு சுயநலத்தை நிறுக்க முடியாது. அந்த நேரம் யாருடையது என்று கேட்க வேண்டும்.

இதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது இந்தக் கரையின் பழைய தொழில். 1961-ஆம் ஆண்டோடு இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அதற்கு முன் பல நூற்றாண்டுகள், கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு மனிதர்கள் ஆழத்துக்கு இறங்கினார்கள். மூச்சை அடக்கி, கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை அசைப்பார்கள். மேலே தோணியில் இருப்பவன் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தன் உடன்பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாதே என்கிற கவலை அவனுக்குத்தானே இருக்கும்! இன்று சங்கு குளிக்கிறவர்களில் பலர் கம்ப்ரசர் குழாய் வழியே காற்றை வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அப்போதும் மேலே ஒருவன் கண் அயராமல் இருக்கிறான். முத்து எடுத்தவனைப் பற்றிப் பாடுகிறோம். கயிற்றில் கை தேய்ந்தவனைப் பற்றி யார் பேசினார்கள்?

பாக் நீரிணையை நீந்திக் கடந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். 1966-இல் மிகிர் சென் இந்தியக் கடற்படையின் துணையோடு கடந்தார். 1971-இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போகவும் வரவுமாக நீந்தினார். ஆழிக்குமரன் என்று மக்கள் அவரை அழைத்தார்கள். 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிர் பிரிந்தது. 1994-இல் குற்றாலீசுவரன் கடந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. இவர்களைச் சுயநலக்காரர் என்று சொல்ல எனக்கு நாவு எழவில்லை. அவர்கள் நீந்தியது ஒரு மக்கள் கூட்டத்துக்கே மகிழ்ச்சியாயிற்று. ஆனால் ஆயிரம் பேரில் ஒருவராக ஓடி முடித்து, பதக்கத்தோடு படம் எடுத்துக்கொள்கிற நமக்கு அந்தப் புகலிடம் கிடையாது. நம் ஓட்டத்தால் ஊர் மகிழ்வதில்லை. அதன் விலையை வீடு கொடுக்கிறது.

அந்த விலை என்ன என்பதை ஒரு சகோதரி எனக்குச் சொன்னார். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். அவருடைய மாமியார் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தனியாளாகச் செய்வது கடினம். விடியற்காலையில் புரட்ட வேண்டிய நேரத்தில் மகன் துறைமுகச் சாலையில் இருக்கிறார். "ஐயா, அவங்க குடிக்கிறதில்ல, வேற ஒரு கெட்ட பழக்கமும் இல்ல. நான் குறை சொன்னா யாரு கேப்பா?" என்றார் அந்தச் சகோதரி.

இந்த வார்த்தையில் நம் ஊரின் கதை அடங்கியிருக்கிறது. குடிக்காதவன் நல்ல கணவன் என்று அளவுகோலை எவ்வளவு தாழ்த்தி வைத்துவிட்டோம்! அந்தச் சாலையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று ஓடுகிற சகோதரர்களைக் கேளுங்கள். ஆர்வமில்லை என்பார்கள். ஐந்து மணிக்கு அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள் என்பதே காரணம். ஒரு தாய், பிள்ளைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் ஓடினால், சுயநலமா என்று நாம் விவாதித்துக்கொண்டிருப்போமா? தீர்ப்பு அன்று மாலையே வந்துவிடும்.

ஓடுகிற விசுவாசிகள் சட்டையில் அச்சடித்துக்கொள்ள விரும்பும் பகுதி கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரம். பந்தயத்தில் ஓடுவதையும் சரீரத்தை ஒடுக்குவதையும் பவுல் அங்கே பேசுகிறார். நல்லது. இரண்டு அதிகாரம் முன்னால் திருப்புங்கள். கணவனும் மனைவியும் உபவாசத்துக்காகவும் ஜெபத்துக்காகவும் பிரிந்திருப்பதானால்கூட, இருவரும் சம்மதிக்க வேண்டும், அதுவும் சிலகாலத்துக்கு மட்டுமே என்று அதே பவுல் ஏழாம் அதிகாரத்தில் சொல்கிறார். ஜெபத்துக்கே சம்மதம் கேட்க வேண்டுமென்றால் மிதிவண்டிக்குக் கேட்க வேண்டாமா? சம்மதம் என்பது, "போய்ட்டு வாங்க" என்று அலுப்போடு சொல்லப்படுவது அன்று. மறுக்கக்கூடியவரிடமிருந்து வருவதே சம்மதம்.

இத்தனையையும் ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் அந்தச் சகோதரரைச் சந்திக்கப் போனேன். பொறுமையாகக் கேட்டார். கூடத்துச் சுவரில் பதக்கங்கள் தொங்கின. உள்ளறையில் அவர் தாயார் முனகுவது கேட்டது. நான் முடித்தபின் அவர் சொன்னார்: "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க வாரத்துல எத்தனை நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. என் இளைய மகள் டைபாய்டில் கிடந்த வாரத்தில் நான் வெளியூர்க் கூட்டங்களில் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மூன்று இரவு தூங்கவில்லை. அதை நான் ஊழியத்தின் சிலுவை என்று மேடையில் சாட்சியாகவும் சொன்னேன். சிலுவையைச் சுமந்தவள் அவள். 1542-இல் இக்கரைக்கு வந்து ஊர் ஊராகச் சென்ற பிரான்சிஸ் சவேரியாரை ஊழியருக்கு முன்மாதிரியாக நான் பலமுறை காட்டியிருக்கிறேன். அவருக்கு மனைவி மக்கள் இல்லை என்பது ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. மாற்கு ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தேவனுக்குக் காணிக்கையாக்கியவர்களை ஆண்டவர் கண்டித்தார். ஓடுகிற சகோதரராவது தம் ஓட்டத்துக்குத் தேவனுடைய பெயரை அரைமனதாகத்தான் வைத்தார். நான் முழுமனதாக வைத்தேன்.

ஆகவே ஓடுகிறவரைக் குறித்து நான் சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை. என்னையும் அதே தராசில் ஏற்றுகிறேன். பாடகர் குழுப் பயிற்சிக்கென்று வாரத்தில் மூன்று மாலை போகிறவர்களும், கமிட்டிக் கூட்டத்தில் நள்ளிரவு வரை அமர்கிறவர்களும் ஏறிக்கொள்ளலாம்.

அந்தச் சகோதரர் கோவாப் பயிற்சியை விடவில்லை. விடும்படி நானும் சொல்லவில்லை. இப்போது செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் விடியற்காலையில் தாயாரை அவரே புரட்டிப் படுக்க வைக்கிறார். அந்த நாட்களில் அவர் மனைவி ஆறரை மணி வரை தூங்குகிறார். முதல் வாரம் தூக்கம் வராமல் விழித்தே கிடந்தாராம்.

என் மேசையில் நாகர்கோவில் பக்கம் ஒரு சபையிலிருந்து மூன்று நாள் கூட்டத்துக்கான அழைப்புக் கடிதம் இருக்கிறது. வழக்கமாக அன்றைக்கே சம்மதம் எழுதிவிடுவேன். இந்த முறை கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். இன்றோடு நான்கு நாள் ஆகிறது.