தடித்த எழுத்தில் ஒரு வரி

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்து, ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தால், நம்மில் யாருக்குத்தான் ராத்திரி தூக்கம் வரும்? எங்கள் எதிர்வீட்டு மாமிக்கும் வரவில்லை.

டில்லியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒன்பது வயதுப் பேத்திக்கு ஓயாமல் வயிற்று உபத்திரவம். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. கோதுமை குடலுக்கு ஆகாத 'சீலியாக்' வியாதியோ என்று சந்தேகித்து, டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். சீலியாக் இல்லை என்றே வந்தது. ஆனால் அதற்குக் கீழே, "ஐ.ஜி.ஏ. 7-க்கும் குறைவு" என்று தடித்த எழுத்து!

"இது என்னம்மா, ரத்தத்திலே விஷமா?" என்று மாமி என்னிடம் காகிதத்தை நீட்டினாள்.

விஷமில்லை, சகோதரிகளே, இது காவல்காரன். கிருமிகளை எதிர்க்க நம் உடம்பு செய்துகொள்ளும் எதிர்ப்புப் பொருள்களில் ஒன்றுதான் இம்யூனோகுளோபுலின் ஏ. உமிழ்நீர், கண்ணீர், தாய்ப்பால், மூக்கு, குடல் என்று வாசல்தோறும் நின்று காவல் காப்பது இதன் வேலை. பெரியவர்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 70 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கலாம். பரிசோதனைச் சாலைக்குச் சாலை இது சற்று மாறும். குழந்தைகளுக்கு வயதோடுதான் இது ஏறும். ஆகையால் நான்கு வயதுக்குள் குறைவு என்று முடிவு கட்டுவதில்லை.

அளவு 7-க்கும் கீழே போனால்? பயப்படாதீர்கள். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். சிலருக்கு மட்டும் அடிக்கடி சளி, காதுவலி, வயிற்றுப்போக்கு வரும். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் இந்தக் குறையை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாகும்.

அளவு அதிகமானால்? ஈரல் கோளாறு, நாள்பட்ட கிருமித் தொல்லை, மூட்டுவாதம் போன்றவை காரணமாகலாம். எலும்பு மஜ்ஜையில் ஒரே வகை அணு அளவு மீறிப் பெருகும் புற்றுநோயிலும் ஏறலாம். எது என்பதை வேறு பரிசோதனைகள்தான் சொல்லும். இந்த ஓர் எண் சொல்லாது.

மாமியின் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். சீலியாக்குக்கு வழக்கமாகச் செய்யும் பரிசோதனை, ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. அந்த வகையே உடம்பில் இல்லாதபோது அது எதைக் கண்டுபிடிக்கும்? காவல்காரன் இல்லாத தெருவில் கூச்சல் கேட்கவில்லை என்றால், திருடன் வரவில்லை என்றா அர்த்தம்? சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு 2, 3 பேருக்கு இந்தக் குறையும் சேர்ந்தே இருக்கிறது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகையைக் கொண்டு மறுபடி சோதிக்கச் சொன்னார். மாமியோ அன்றைக்கே சப்பாத்தியை நிறுத்தப் புறப்பட்டாள். "கூடவே கூடாது! எல்லாப் பரிசோதனையும் முடிகிறவரை வழக்கம்போல் சாப்பிடட்டும். கோதுமையை நிறுத்திவிட்டால் வியாதி ஒளிந்துகொள்ளும்" என்று தடுத்துவிட்டார். இரண்டாவது பரிசோதனையில் சீலியாக் வெளிப்பட்டது. குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்ததும் உறுதியாயிற்று.

இப்போது அந்தக் குழந்தைக்குக் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் கிடையாது. இட்லி, தோசை, ராகிக் கூழுக்குத் தடையில்லை. கடைப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பதுண்டு என்று தெரிந்ததிலிருந்து, டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் மாமி எதையும் வாங்குவதில்லை.

நீங்களும் தடித்த எழுத்தைக் கண்டு கலங்காதீர்கள்; 'இல்லை' என்ற வரியைக் கண்டு அலட்சியமாகவும் இருந்துவிடாதீர்கள். சீலியாக்குக்குப் பரிசோதனை செய்தால், "மொத்த ஐ.ஜி.ஏ.வும் பார்த்தீர்களா, டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

எட்டு மாதம் கழித்து மாமி ஒரு பாவாடையுடன் வந்தாள். போன தீபாவளிக்குத் தைத்ததாம். குழந்தைக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கிறதாம். கரை பிரித்துவிட வேண்டும் என்று அலுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது அலுப்பில்லை என்பது எனக்குத் தெரியாதா!