தகப்பன் பெயர்

'ஃபிராங்கன்ஸ்டைன்' என்பது பூதத்தின் பெயரன்று, அதைப் படைத்தவனின் பெயர் என்று திருத்துவதில் கற்றறிந்தோர்க்குத் தனி இன்பம் உண்டு. யாரேனும் அந்த உயிரை அப்பெயரால் அழைத்துவிட்டால் போதும். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில் அதற்குப் பெயரே கிடையாது என்று உடனே பாடம் நடத்திவிடுவர். செய்தி உண்மைதான். ஆயினும் அந்தத் திருத்தத்தை ஏற்க நாம் மறுக்கின்றோம். பாமரர் இட்ட பெயரே முறையான பெயர் என்பது நம் வழக்கு. மகன் தகப்பன் பெயரைத் தாங்குவதில் என்ன பிழை கண்டார்கள்? நம்மிடையே தலைப்பெழுத்து இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த தாய் படும் பாட்டை அறிந்தவர்கள், அந்தப் பெயரை அவ்வளவு எளிதில் பறிக்கத் துணியமாட்டார்கள்.

பெயர் திருத்துவோருடன் இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. இவர்களைக் கதைக் கணக்கர்கள் எனலாம். யுனிவர்சல் நிறுவனம் 1931 முதல் எடுத்த பூதப் படங்களில் தர்க்கமே இல்லை என்பது இவர்கள் குற்றச்சாட்டு. கணக்கு என்னவோ சரிதான். முதற் படத்தில் சிறுமி மரியாவின் தகப்பன் லுட்விக். 1935-இல் வந்த அடுத்த படத்தில் அவனே ஹான்ஸ். 1939-இல் சுடப்பட்டு வீழ்ந்த இகோர் 1942-இல் எழுந்து நடமாடுகிறான். அதே 1942-இல், முன்பு எவரும் கண்டிராத இரண்டாம் மகன் ஒருவன் வந்து சேருகிறான். பழைய படங்களை 1938-இல் மீண்டும் திரையிட்டபோது கூட்டம் அலைமோதியதால் எழுந்த ஆசைதான் 1939-இன் படம் என்பதும் மெய்யே. காசுக்காக ஒட்டுப் போட்ட கதைகள்! ஆனால் ஒவ்வொரு முறையும் எந்த நூலால் தைத்தார்கள்? மணமகள், மகன், தம்பி, பேத்தி என்று உறவு நூலால் அன்றோ? அந்த நூலைப் பற்றிக்கொண்டு போனால் கதை எங்கும் அறுவதில்லை.

முதற் படத்தையே எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் வேல் இயக்க, போரிஸ் கார்லாஃப் நடித்தது. தொடக்க எழுத்துகளில் பூதமாக நடிப்பவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டுமே நிற்கும். ஹென்றி ஃபிராங்கன்ஸ்டைன் பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உயிரூட்டுகிறான். படைப்பு கொலைகாரனாவதற்குப் படம் சொல்லும் காரணம், உதவியாள் நல்ல மூளையைத் தவறவிட்டு ஒரு குற்றவாளியின் மூளையை எடுத்து வந்தான் என்பது. நாவலில் இல்லாத காரணம் இது. தகப்பனுக்கு இதைவிட வசதியான சாக்கு உண்டோ? ஆனால் திரையில் நாம் காண்பது வேறு. கூரை திறந்து வெளிச்சம் விழும்போது அவன் ('அது' என்று எழுத நமக்குக் கை வரவில்லை) குழந்தையைப் போல் இரு கைகளையும் ஒளியை நோக்கி நீட்டுகிறான். அவனைத் தீப்பந்தத்தால் வதைக்கிறார்கள். தகப்பனோ அவனை ஆசிரியரிடம் விட்டுவிட்டுத் திருமணத்துக்குப் போய்விடுகிறான். ஆசிரியர் அவனை உயிரோடு அறுத்துப் பார்க்க ஆயத்தமாகிறார். வசனம் மூளையைப் பழிக்கிறது. காட்சியோ தகப்பனைக் காட்டிக்கொடுக்கிறது. இறுதியில், ஊரார் அவனைக் காற்றாலையோடு கொளுத்திய சில கணங்களிலேயே, ஹென்றியின் தந்தையான முதியவர் மதுக்கிண்ணத்தை உயர்த்தித் தம் குடும்பத்துக்கு ஒரு மகன் பிறக்க வாழ்த்துகிறார்.

இவ்விடத்தில் நம் வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் படங்களுக்கான ஒழுக்க நெறித் தொகுப்பை 1930-இல் வரைந்தவர்களுள் முதன்மையானவர் இயேசு சபைக் குரு டேனியல் லார்டு. 1934 முதல் அது கண்டிப்புடன் அமலாயிற்று. அதன் விளைவாக, மறுவெளியீட்டின்போது ஹென்றி தன்னைக் கடவுளோடு ஒப்பிட்டு முழங்கும் சொற்களை வெட்டினார்கள். ஏரிக்கரைக் காட்சியிலும் கத்திரி விழுந்தது. மரியா அவனுக்குப் பூக்களைக் கொடுத்து, நீரில் போட்டால் மிதக்கும் என்று காட்டுகிறாள். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நம்பி அவளைத் தூக்கி எறிகிறான், மூழ்கியதும் பதறுகிறான். வெட்டப்பட்ட படத்தில் அவன் கைகள் சிறுமியை நோக்கி நீள்வதோடு காட்சி முடிந்துவிடும். அடுத்துக் காண்பது, பிணமான மகளை ஏந்தித் தெருவில் நடந்துவரும் தகப்பனை. இடையில் நடந்ததைப் பார்ப்பவரின் கற்பனைக்கு விட்டால் அது எதைத்தான் நினைக்காது! அறியாமையால் நேர்ந்த சாவு இவ்வாறு கொடூரமாக மாற்றப்பட்டது; காட்சி முழுமையாக மீண்டது 1980-களில்தான். கடவுளைக் குறித்த சொல்லில் பாவத்தைத் தேடிய நம்மவர்கள், மகனுக்காக உயர்ந்த அந்த மதுக்கிண்ணத்தைச் சிறிதும் ஐயுறவில்லை.

1935-இன் படத்துக்கு நிறுவனத்தார் இட்ட பெயர் 'ஃபிராங்கன்ஸ்டைனின் மணமகள்'. பாமரரின் 'பிழை' பெயர்ப்பலகையிலேயே ஏறிவிட்டது காண்க. காட்டுக் குடிலில் கண் தெரியாத துறவி ஒருவர் அவனை நண்பனாக ஏற்று, அப்பமும் இரசமும் தந்து, பேசக் கற்றுத்தருகிறார். குற்றவாளியின் மூளை அப்போது எங்கே போயிற்று? காட்சி மங்கி மறைகையில் சுவரிலுள்ள பாடுபட்ட சுரூபம் மட்டும் ஒளிர்ந்து நிற்கிறது. முடிவில், தனக்கென உண்டாக்கப்பட்ட மணமகளும் தன்னைக் கண்டு அலறியபின், எல்லாவற்றையும் அழிக்கத் துணியும் அவன், ஹென்றியையும் மனைவியையும் மட்டும் தப்பிப்போக விடுகிறான். தகப்பன் காட்டாத இரக்கத்தை மகன் காட்டுகிறான்.

இனி 1939. ஹென்றியின் மகன் வுல்ஃப், மனைவி மகனுடன் ரயிலில் பரம்பரை மாளிகைக்கு வருகிறான். உதவியாளின் மூளைக் குளறுபடிக்குத் தந்தை என்ன செய்வார் என்கிறான். பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்தக் கோரப் படைப்பைத் தம் குடும்பப் பெயரால் அழைப்பதாகக் குமைகிறான். அவன் சொல்லி முடிக்குமுன், ஊர் வந்துவிட்டதென்று ரயில் ஊழியர் அந்தப் பெயரையே உரக்கக் கூவுகிறார். ஆக, இன்று நம் அறிஞர்கள் செய்யும் திருத்தத்தைத் திரையில் முதலில் செய்தவன் சொத்துக்கு வாரிசான மகன்! பின்னர் இகோர், நிலவறையில் கிடப்பவன் உனக்குச் சகோதரன், அவன் தாயோ மின்னல் என்று வுல்ஃபிடம் உணர்த்துகிறான். தந்தையின் கல்லறையில் 'பூதங்களைப் படைத்தவர்' என்று எவரோ கிறுக்கியிருப்பதை அழித்து, 'மனிதர்களைப் படைத்தவர்' என்று எழுதுகிறான் வுல்ஃப். பிதாக்களின் குற்றம் மக்களைச் சாராது என்பதை எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில் கற்ற நாம், ஹென்றி செய்ததற்காக அவனைக் குறைகூற மாட்டோம். அவன் குற்றம் அவனுடையதே. இகோரை இழந்து வெறிகொண்ட அண்ணன், வுல்ஃபின் சிறுவனைக் கந்தகக் குழிவரை தூக்கிச் சென்றும் எறிய மனம் வராமல் நிற்கிறான். 'மனிதர்களை' என்று எழுதியவனோ கயிற்றில் ஊசலாடி வந்து அந்த மனிதனைக் குழிக்குள் உதைத்துத் தள்ளுகிறான்.

பிணங்களைத் தைத்துச் செய்த ஒன்றுக்கு உறவு எங்ஙனம் என்று கேட்போர், 1941-இன் 'ஓநாய் மனிதன்' படத்தையும் பார்க்கட்டும். அங்கே பெற்ற மகனே நிற்கிறான். பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் அமெரிக்காவிலிருந்து வீடு திரும்பிய லாரி, தனக்கு நேர்ந்ததைத் தந்தை சர் ஜான் டால்பட்டிடம் மன்றாடிச் சொல்கிறான். அறிவாளியான தந்தை அது மனநோய் என்று விளக்கி, மகனை நாற்காலியில் கட்டிவைத்துவிட்டு வேட்டைக்குப் போகிறார். வெள்ளிப் பிடி போட்ட கைத்தடியை அவரிடம் வற்புறுத்திக் கொடுத்தனுப்புபவனும் லாரியே. அதனாலேயே தந்தை அவனை அடித்துக் கொல்கிறார். ஓநாய் முகம் மாறி மகன் முகமாவதைப் பார்த்து நிற்கிறார். இறந்தவனுக்காக இறுதிச் சொற்களைக் கூறுபவள் மலேவா என்னும் நாடோடிக் கிழவி. அதே நோயுற்றிருந்த தன் மகன் பேலாவை அறிந்தும் கைவிடாதவள், அவனுக்குச் சொன்ன அதே சொற்களையே இவனுக்கும் சொல்கிறாள்.

லாரியாக நடித்தவரின் பெற்றோர் இட்ட பெயர் க்ரெய்டன். ஊமைப்பட நாளில் புகழ்பெற்று 1930-இல் மறைந்த லான் சேனியின் மகன் அவர். முதலில் 'இளைய லான் சேனி' என்றும், பிறகு 'இளைய' என்பதையும் நீக்கி வெறும் லான் சேனி என்றுமே அவரை விளம்பரப்படுத்தினார்கள். 1942-இல் ஃபிராங்கன்ஸ்டைனின் பெயரற்ற மகனாக நடித்தவரும் அவரே.