பிலிப்ஸ் நிர்வாகம் திருந்திவிட்டதா?

தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுள்ளவர்கள் இரவில் முகமூடி மாட்டிக்கொண்டு பயன்படுத்தும் 'சீபெப்' இயந்திரம் இப்போது நம் பகுதிக்கும் புதிதல்ல. கண்டியில் விசேட வைத்தியரைக் காட்டியபின் சிலர் கடையில் வாங்குகிறார்கள். சிலருக்கு மத்திய கிழக்கில் இருக்கும் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். ஆகவே, நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் பற்றிய விவாதம் வத்தேகமயில் இருக்கும் நமக்கும் உரியதுதான்.

2021 ஜூனில் பிலிப்ஸ் தனது சீபெப் சாதனங்களையும் சில செயற்கைச் சுவாச இயந்திரங்களையும் மீளப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பொலியூரித்தேன் நுரைப்பஞ்சு சிதைந்து, துகள்களும் வாயுக்களும் நோயாளியின் மூச்சோடு உள்ளே போகலாம் என்பதே காரணம். உலகெங்கும் சுமார் 55 இலட்சம் சாதனங்கள் இதில் அடங்கின. வெப்பமும் ஈரப்பதனும் கூடினால் சிதைவும் கூடும் என்பதை நம்மைப் போன்ற நாட்டவர்கள் கவனிக்க வேண்டும். பஞ்சில் பிரச்சினை இருப்பது 2015 அளவிலேயே நிறுவனத்துக்குத் தெரிந்திருந்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் பரிசோதனையில் வெளிவந்தது. பஞ்சு பழுதானதை விட இதுவே பாரதூரமானது.

2022 ஒக்டோபரில் தலைமை நிறைவேற்று அதிகாரி பிரான்ஸ் வான் ஹூட்டன் போய், ரோய் யாக்கோப்ஸ் வந்தார். நோயாளர் பாதுகாப்பே முதல் இடம் என்று அறிவித்தார். 2024 ஏப்ரலில் அமெரிக்க நோயாளர் வழக்குகளை முடிக்க 110 கோடி டொலர் வழங்க நிறுவனம் உடன்பட்டது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. பங்கு விலை ஒரே நாளில் எகிறியது. நிர்வாகம் சீராகிவிட்டது என்பவர்கள் இவற்றைத்தான் காட்டுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. யாக்கோப்ஸ் வெளியிலிருந்து வந்தவரல்ல. இந்தச் சாதனங்கள் அடங்கிய பிரிவுக்கே தலைவராக இருந்தவர். வந்த சில மாதங்களில் சுமார் 10,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார். 2023 மே மாதப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களில் பெரும்பான்மையோர் நிர்வாகத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க மறுத்து வாக்களித்தனர். பழுதுக்குப் பதிலாக அனுப்பிய சாதனங்கள் சிலவற்றிலும் கோளாறு காணப்பட்டது. 2024இல் நீதிமன்ற உடன்பாட்டின்படி, நிபந்தனைகளை நிறைவேற்றும் வரை அமெரிக்காவில் புதிய சீபெப் விற்க முடியாத நிலை வந்தது. ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே விற்பனை நிற்கவில்லை.

என் பார்வையில், முன்னேற்றம் இருக்கிறது. ஆனால் அது நீதிமன்றமும் கண்காணிப்பும் வாங்கிக் கொடுத்த முன்னேற்றம். கண்காணிப்பு இல்லாத சந்தையிலும் ஒரு நோயாளியின் முறைப்பாடு மேசையில் கிடந்து பழசாகாமல் மேலே போகிறதா என்பதே உண்மையான அளவுகோல். பங்கு விலை அதைச் சொல்லாது. குறையை மறைத்து விற்பது அமானித மோசடி என்று சின்ன வயதிலேயே கற்ற சமூகம் நாம். இதைப் புரிந்துகொள்வது நமக்குக் கஷ்டமில்லை.

நம் நாட்டில் மருத்துவ சாதனங்களையும் ஒழுங்குபடுத்தவே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவாக்கப்பட்டது. ஆனால் பயணப் பெட்டியில் வரும் இயந்திரம் எந்தப் பதிவிலும் ஏறாது; மீளப் பெறும் அறிவித்தலும் அந்த வீட்டுக்கு வராது. வீட்டில் சீபெப் இருந்தால், அடியில் உள்ள தொடர் இலக்கத்தை இன்றே எழுதி வைத்து, பிலிப்ஸின் மீளப்பெறல் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் தாமாக நிறுத்திவிடாமல் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.