டைல் கட்டர் வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னாடி இந்த 4 விஷயத்தைப் பாருங்க!

ஞாயித்துக்கிழமை காலை. சரவணம்பட்டியில் நான் இருக்கும் அபார்ட்மென்ட்ல மேல் வீட்டுக்கு டைல்ஸ் மாத்துறாங்க. ‘கர்ர்ர்’னு சத்தம், மாடிப்படி முழுக்க வெள்ளைத் தூசி. போய்ப் பார்த்தா, மேஸ்திரி ஆங்கிள் கிரைண்டர் வெச்சு, தண்ணி விடாம டைலை அறுத்துட்டு இருக்கார். முகத்துல ஒரு கர்ச்சீஃப், அவ்ளோதான்.

“ஏனுங்ணா, கையால வெட்டுற கட்டர் இல்லீங்களா?”

“இருக்குதுங் கண்ணு. ஆனா அது ரெண்டடி கட்டர். இது நாலடி டைலாச்சே!”

மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு பதில்லயே இருக்கு. டைல் பெருசாகிடுச்சு, டூல் பெருசாகலை.

போர்சலின் ஏன் அடம்பிடிக்குது?

கடையில் விட்ரிஃபைட், ஜிவிடி, டபுள் சார்ஜ்னு சொல்றது எல்லாமே போர்சலின் குடும்பம்தான். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலந்து, சுமார் 1,200 டிகிரியில் சுட்டு எடுக்கிறாங்க. இது உறிஞ்சும் தண்ணீர் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. அவ்வளவு இறுக்கம். சாதாரண சுவர் டைலை வெட்டுற சின்ன கட்டர் இதுகிட்ட திணறும்.

மேனுவல் கட்டர் டைலை அறுக்கிறதில்லை. வீல் மேலே ஒரு கோடு கிழிக்கும். அப்புறம் கைப்பிடியை அழுத்தினா, கோட்டு வழியா ‘டக்’னு உடையும். கரன்ட் வேண்டாம். தூசியும் கிட்டத்தட்ட இல்லை.

எதைப் பார்த்து வாங்கணும்?

1. நீளம்: 600 x 600 மி.மீ. டைலுக்கு 600 மி.மீ. கட்டர் நேர் வெட்டுக்குத்தான் சரி. மூலைக்கு மூலை வெட்டணும்னா சுமார் 850 மி.மீ. வேணும். 600 x 1,200 டைலை நீளவாக்கில் வெட்ட 1,200 மி.மீ. அல்லது அதுக்கு மேல.

2. வீல்: டங்ஸ்டன் கார்பைடு வீலா, பேரிங் இருக்கான்னு கேளுங்க. வழவழப்பான டைலுக்குச் சின்ன வீல், சொரசொரப்பான டைலுக்குப் பெரிய வீல். உதிரி வீல் நம்ம ஊர்லயே கிடைக்குமான்னும் கேளுங்க. வீல் மழுங்கிட்டா எவ்வளவு விலை உயர்ந்த கட்டரும் வேஸ்ட்.

3. ஆட்டம்: கைப்பிடியைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. லேசா ஆடினாலும் கோடு விலகும். நீளமான கட்டர்ல ரெயில் நடுவுல வளையுதான்னு கட்டாயம் பார்க்கணும்.

4. உடைக்கும் பலம்: எத்தனை மி.மீ. தடிமன் வரை தாங்கும்னு பாருங்க. கார் பார்க்கிங் டைலோட தடிமன் வேற, ஹால் டைலோட தடிமன் வேற.

மாவாட்டுற கிரைண்டருக்கே புவிசார் குறியீடு வாங்கின ஊர் இது. கல்லு, மோட்டார் எல்லாம் பார்க்காம கிரைண்டர் வாங்குவோமா? அதே மாதிரி, உங்க டைல்ல ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. அங்கேயே வெட்டிக் காட்டச் சொல்லுங்க. கோடு ஒரே தடவைதான் கிழிக்கணும். அதே கோட்டுல திரும்ப ஓட்டினா, ஓரம் பொரிஞ்சு போகும்.

கட்டர் மட்டும் போதுமா?

போதாது. பைப்புக்கு ஓட்டை, ‘எல்’ வெட்டு, ரொம்ப மெல்லிசான பட்டை இதுக்கெல்லாம் மெஷின் வேணும். அதுவும் தண்ணி விட்டு வெட்டுறதுக்குன்னே செஞ்ச மெஷின். சாதாரண கிரைண்டர்ல தண்ணி ஊத்தினா ஷாக் அடிக்கும் ஆபத்து இருக்கு. ஆனா ஒரு வீட்டுல பெரும்பாலான வெட்டு நேர் வெட்டுதான். அதுக்கு எதுக்கு கிரைண்டர்?

இது வெறும் டூல் விஷயம் இல்லை

குவார்ட்ஸ்னா சிலிக்கா. கிரைண்டர்ல அறுக்கும்போது கண்ணுக்கே தெரியாத அதன் துகள்கள் நுரையீரலுக்குள் போகும். வருஷக்கணக்கா சுவாசிச்சா சிலிகோசிஸ் வரலாம். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. நம்ம நாட்டுச் சட்டம், இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியல்ல வெச்சிருக்கு. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல், சிலிக்கா அதிகமுள்ள செயற்கைக் கல் மேடைப் பலகைகளுக்கே தடை போட்டுச்சு. காரணம், அதை வெட்டின தொழிலாளர்களுக்கு வந்த இதே நோய். டைலுக்கு அந்தத் தடை இல்லை. ஆனா தூசி தூசிதான். நமக்கு அது ஒரு வாரத் தொல்லை. மேஸ்திரிக்கு தினமும்.

‘மேஸ்திரி நல்ல கட்டர் வாங்கலாமே’ன்னு சொல்றது ஈஸி. ஆனா நாலடி டைல் வேணும்னு ஆசைப்பட்டது அவர் இல்லை, நாம. அதனால நீளமான கட்டருக்கான செலவுல நமக்கும் பங்கு இருக்கணும்ங்கிறது என் கருத்து. வேலை பேசும்போதே ரெண்டு கேள்வி கேளுங்க: “நேர் வெட்டெல்லாம் கட்டர்ல போடுவீங்களா? அதுக்கு வாடகை எவ்வளவுங்க?” அந்தத் தொகையைக் கூலியில் பேரம் பேசிக் குறைக்காம, தனியா எஸ்டிமேட்ல சேருங்க.

சதுர அடிக்கு எவ்வளவுன்னு டைல் விலையை நாலு கடை ஏறி விசாரிக்கிறோம். அதை வெட்டுறவர் எதை வெச்சு வெட்டுறார்னு ஒரு தடவை விசாரிக்க மாட்டோமா?