கேஸ் தீந்துடுச்சா பாஸ்?

சீனியர் சல்லிசா வித்துட்டுப் போனதோ, சித்தப்பா 'நீயே ஓட்டிக்கடா'ன்னு தூக்கிக் கொடுத்ததோ... ஹாஸ்டல் வாசல்ல ஒரு பழைய கார் நின்னா அதுக்குப் பத்து ஓனர் இருப்பாங்க. பெட்ரோலுக்குக் காசு கேட்டா மட்டும் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க! அதுவும் 1983-ல் வந்து, 2014-ல் உற்பத்தியை நிறுத்திக்கிட்ட மாருதி 800 மாதிரி சீனியர் சிட்டிசன்னா, கரெக்டா சித்திரை வெயில்லதான் ஏ.சி. மக்கர் பண்ணும். மெக்கானிக்கிட்ட கொண்டு போனா, சில இடங்கள்ல பானெட்டைத் திறக்குறதுக்கு முன்னாடியே தீர்ப்பு ரெடி: 'கேஸ் தீந்துடுச்சு தம்பி.'

கொஞ்சம் பொறுங்க மக்களே! ஏ.சி. கேஸ் ஒண்ணும் பெட்ரோல் இல்லை, ஓட ஓட எரிஞ்சு தீர்றதுக்கு. மூடின குழாய்க்குள்ளேயே சுத்திச் சுத்தி வர்ற சமாச்சாரம். வருஷக்கணக்குல ரப்பர் ஹோஸ், சீல் வழியா லேசா குறையலாம். ஆனா, போன மாசம் நிரப்பினது இந்த மாசம் காலின்னா, எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துறதுக்கா அப்பா காசு அனுப்புறார்? பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி நீங்களே பத்து நிமிஷம் துப்பறியுங்க.

முதல்ல காது. ஏ.சி. ஸ்விட்சைப் போட்டதும் 'க்ரீ...ச்'னு கத்துதா? கம்ப்ரஸரைச் சுத்துற பெல்ட் வழுக்குது. ஏ.சி. ஓடும்போது திடீர்னு பளு ஏறும்; தளர்ந்த பெல்ட் தாங்காது. கம்ப்ரஸர் ஒழுங்கா சுத்தலைன்னா கேஸ் ஃபுல்லா இருந்தும் ஜில்லுனு காத்து வராது. கத்தாம 'கரகர'ன்னு உறுமினா, பேரிங் மேல சந்தேகப்படலாம்.

அடுத்து கை. இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை எடுத்து பாக்கெட்ல போட்டு, சூடு ஆறினப்புறம்தான் தொடணும். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல பெல்ட்டைக் கட்டை விரலால அழுத்துங்க. சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்கினா நார்மல். சரியான அளவு வண்டியோட மேனுவல்ல இருக்கும். தொள தொளன்னு இருந்தா டைட் பண்ணணும். அதுக்காக வீணைக் கம்பி மாதிரி முறுக்கிடாதீங்க, பேரிங் காலி! வெடிப்பு, நூல் பிரிஞ்சது, ஓரம் கண்ணாடி மாதிரி பளபளக்குறது... இதெல்லாம் தெரிஞ்சா புது பெல்ட்தான். பெல்ட்ல ஆயில் நனைஞ்சிருந்தா முதல்ல அந்த ஆயில் லீக்கை அடைக்கணும். இல்லாட்டி புதுசும் சீக்கிரமே வழுக்கும்.

பெல்ட் ஓகேவா? இப்ப இன்ஜினை ஓடவிட்டு, ஃப்ரெண்டை ஏ.சி. போடச் சொல்லி, எட்ட நின்னு பாருங்க. துப்பட்டா, ஐ.டி. கார்டு கயிறு எல்லாம் பத்திரம்! கம்ப்ரஸர்ல 'டக்'னு ஒரு சத்தம் வந்து, முன்னாடி இருக்குற தட்டு சுத்தணும். அதுதான் கிளட்ச். சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், ரிலே, ஒயரிங் செக் பண்ணணும். கேஸ் ரொம்பக் குறைஞ்சாலும் பிரஷர் ஸ்விட்ச் அதை ஓடவிடாது. ஹைவேல ஜில்லுன்னு இருந்து, சிக்னல்ல நின்னா மட்டும் சூடாகுதா? கண்டன்ஸர் ஃபேன் சுத்துதா, கண்டன்ஸர்ல சேறு அப்பியிருக்கான்னு பாருங்க. காத்தே கம்மியா வந்தா, தூசி அடைச்சிருக்கலாம்.

நிஜமாவே கேஸ் குறைஞ்சிருந்தா? குழாய் ஜாயின்ட்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னு தேடுங்க. கேஸோட சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் கசியும், அதுதான் திருடன் விட்டுட்டுப் போன கைரேகை. மெக்கானிக் அண்ணன்கிட்ட பணிவா மூணே கேள்வி: 'லீக் டெஸ்ட் பண்ணினீங்களாண்ணே? வேக்கம் போட்டுத்தான் நிரப்புவீங்களா? எத்தனை கிராம்?' நல்ல மெக்கானிக் இதுக்குக் கோபப்பட மாட்டார்.

கடைசியா ஒரு சீரியஸ் மேட்டர். பல பழைய கார்கள்ல ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுத்தும். ஓடிட்டிருக்கும்போது சிவப்பு பேட்டரி லைட் எரிஞ்சு, டெம்பரேச்சர் முள்ளும் ஏறுதா? பெல்ட் அறுந்திருக்கலாம். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே மச்சி'ங்கிற வீரமெல்லாம் வேணாம். ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, கொதிதண்ணி முகத்துல அடிக்கும். பெல்ட் விலை சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும். ஹெட் கேஸ்கெட் போய் இன்ஜினைப் பிரிச்சா, செமஸ்டர் ஃபீஸே காலி!

பழைய வண்டி பேசாம சாகாது பாஸ். முன்னாடியே கத்திச் சொல்லிடும். அது கத்தும்போது பாட்டு வால்யூமைக் கூட்டாம, கொஞ்சம் காது கொடுங்க!